ஈயப் பச்சை

ஜூன் 3, 2014, செவ்வாய்

விருத்தாசலம் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஐந்தரை மணி நேரம். மடியில் துணி சுற்றிய மூன்று டைல்கள். பக்கத்து ஸீட்காரர் "சாமி படமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

கோத்தகிரிப் பக்கம் நூற்று முப்பது வருஷத்துப் பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றுகிறார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கட்டியது. முன்கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு டைல் பதித்திருக்கிறார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. மாதுளைக் கொடி, அடர்ந்த பச்சை. மழைநீர் இறங்கிப் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தை நிரப்ப ஆயிரத்து நூறு டைல் வேண்டும். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்கிறார் ஆர்க்கிடெக்ட் நந்திதா. அக்டோபர் முடிவதற்குள்.

செய்யப்போகும் இடம் கோதண்டத்தின் பட்டறை. பீங்கான் பொம்மையும் மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் குப்பியும் செய்கிறவர். சூளை நன்றாக இருக்கிறது. மற்ற வசதிகளைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

அறையில் கட்டில் ஒரு பக்கம் சாய்கிறது. செங்கல் வைத்தேன்.

ஜூன் 7, சனி

மூன்று டைல்களையும் டிரேசிங் தாளில் எடுத்தேன். இருபத்து மூன்று வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் பாத்ரூம் டைலுக்கு டிசைன் போட்டவன் நான். பிறகு அந்த வேலையை அச்சடிக்கும் மெஷினே செய்துகொண்டது. கையால் கோடு இழுத்து எத்தனை நாள் ஆகிறது! விரல் சொன்னபடி கேட்கவில்லை.

வரைந்தவன் கெட்டிக்காரன். ஒரு டைலில் பாதிப் பழம்தான். மீதிப் பாதி அடுத்த டைலில். மேல் விளிம்பில் எந்த இடத்தில் கொடி வெளியேறுகிறதோ, மேலே இருக்கும் டைலின் கீழ் விளிம்பில் அதே இடத்தில் நுழைய வேண்டும். ஒரு நூல் தப்பினால் சுவர் முழுக்கத் தப்பும்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுவர் தட்டையானது. ஆகவே அதில் வரும் பூவும் தட்டையாகத்தான் இருக்க வேண்டும். நிழல் போட்டுப் பள்ளம் மேடு காட்டிப் பார்க்கிறவனை ஏமாற்றக் கூடாது. ஓவியக் கல்லூரியில் இதை ஒரு பக்கம் எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

பின்பக்கம் அச்சு எண் இருக்கிறது. வரைந்தவன் பெயர் இல்லை.

ஜூன் 16, திங்கள்

மண் காய்ந்து வெந்தால் நூற்றுக்கு எட்டுப் பங்கு சுருங்கும். அதனால் படத்தை அந்த அளவு பெரிதாக்கி மறுபடி வரைந்தேன். பிளாஸ்டர் அச்சு ஆறு ஊற்றினோம், இரண்டில் குமிழி. முதுகு வலி. சென்னை வீட்டிலிருந்து சரளா போனில் "சாப்பிட்டீங்களா" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். இங்கே ஓட்டலில் சாம்பார் இனிக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

கிளேஸ் நிரப்ப நாலு பெண்களைக் கொடுத்திருக்கிறார் கோதண்டம். கிளேஸ் என்றால் சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு. அச்சில் எழும்பி நிற்கும் கோட்டு மேடுகளுக்கு இடையில் அதைச் சிந்தாமல் நிரப்ப வேண்டும். நால்வரில் மூவர் கைக்குப் பழக்கம் வேண்டும். நாலாவது அஞ்சலாட்சி. முப்பது வயது இருக்கலாம். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். புருவத்தை ஒரே இழுப்பில், திரும்பிப் பார்க்காமல் போடுகிறாள்.

என் படத்தை மேசையில் விரித்ததும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"சார், இந்த எல அடுத்ததுல போயி சேராது."

"சேரும்மா. அளந்துதான் போட்டிருக்கேன்."

"நேரா வச்சா சேரும். ஒரு வரிச விட்டு ஒரு வரிச பாதி தள்ளித்தான வைக்கணும்னீங்க? அப்ப சேராது."

வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. இருபத்து மூன்று வருஷம். சிரிப்புதான் வந்தது. அவளும் சிரித்தாள். அச்சை மறுபடி செய்ய வேண்டும், நாலு நாள் போச்சு.

ஜூலை 2, புதன்

முதல் சோதனைச் சூளை. ஈயம் சேராத கிளேஸ், கடையில் கிடைப்பது. செம்புத்தூள் போட்டால் பச்சை வர வேண்டும். நீலம் கலந்து வருகிறது, நீச்சல் குளம் மாதிரி. போட்டோ அனுப்பினேன். நந்திதா உடனே கூப்பிட்டார்.

"வரதன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது பாத்ரூம் மாதிரி இருக்கு."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

ஜூலை 5, சனி

மறுபடியும் நீலம்.

ஜூலை 9, புதன்

ஆறு கலவை பார்த்தாகிவிட்டது. பழைய டைலில் பள்ளமான இடத்தில் பச்சை தேங்கிக் கறுத்து, மேட்டில் வழிந்து வெளுத்து, ஒரே நிறமே பத்து நிறமாகத் தெரிகிறது. அந்த ஆழம் ஈயத்தால் வருவது. ஈயத்தோடு செம்பு சேர்ந்தால்தான் இலைப் பச்சை. இது முதல் நாளிலிருந்தே தெரிந்ததுதான்.

சென்னையில் ஒரு கடையில் சொல்லி ஈயப் பொடி வரவழைத்தேன். கோதண்டம் மூட்டையைப் பார்த்தார்.

"இது வெஷம்னு சொல்வாங்களே சார். ஒண்ணும் ஆவாதே?"

"கைய நல்லாக் கழுவினா போதும். நூறு வருஷம் உலகமே இதுலதான் பண்ணிச்சு."

முறையாகச் செய்வதென்றால் ஈயத்தை மணலோடு சேர்த்து உருக்கி, ஆற வைத்து, உடைத்து, அரைத்துப் பிறகு உபயோகிக்க வேண்டும். கண்ணாடிக்குள் கட்டுப்பட்டுப்போனால் அவ்வளவாக உடம்பில் ஏறாது. இங்கிலாந்திலேயே பின்னாளில் அப்படித்தான் மாற்றினார்கள். அதற்குத் தனி உலை வேண்டும். கூடுதலாக மூன்று வாரம் வேண்டும்.

மூன்று வாரம் இல்லை. பொடியாகவே கரைத்தோம்.

ஜூலை 14, திங்கள்

வந்துவிட்டது.

காலை பதினொரு மணிக்குச் சூளை திறந்தோம். எட்டு டைல். பழையதை நடுவில் வைத்து ஒன்பதையும் வெயிலில் பரப்பினேன். எது பழையது என்று கோதண்டத்தைக் கேட்டேன். தவறாகக் காட்டினார். பொம்மைப் பிரிவிலிருந்து எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள்.

அஞ்சலாட்சி குனிந்து பார்த்துவிட்டு, "மழ பேஞ்சு வுட்ட மாரி இருக்கு சார்" என்றாள்.

எத்தனையோ வருஷம் கழித்து இன்றைக்குத்தான் ஏதோ செய்தது போல் இருந்தது. சாயங்காலம் அறைக்கு வந்து படுத்தவன் சாப்பிடாமலே தூங்கிவிட்டேன்.

ஜூலை 19, சனி

கையுறை, முகமூடி எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். முகமூடியில் மூச்சு முட்டுகிறது என்று கழற்றுகிறார்கள். கையுறை போட்டால் பிரஷ் பிடிபடவில்லை. வெயிலும் கொளுத்துகிறது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

மாதுளை முத்துக்களை அஞ்சலாட்சி மட்டும்தான் நிரப்புகிறாள். ஒரு பழத்துக்கு இருபத்தேழு முத்து, கடுகளவு. மெல்லிய பிரஷ் வேண்டும். முனை பிரிந்தால் நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொள்கிறாள். பொம்மைக்குக் கண் எழுதிய பழக்கம்.

"வாயில வைக்காதம்மா."

"இனிப்பாத்தான் சார் இருக்கு" என்று சிரித்தாள்.

தண்ணீர்க் கிண்ணம் ஒன்று பக்கத்தில் வைத்தேன். கிளேஸில் என்ன கலந்திருக்கிறது என்று பெயர் சொல்லவில்லை. பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? கவனமாக இருந்தால் போதும்.

ஜூலை 28, திங்கள்

அஞ்சலாட்சி எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். முழுகாமல் இருக்கிறாளாம். கல்யாணமாகி ஏழு வருஷம். புருஷன் சிகாமணி, நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன், வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடி இன்று என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான்.

அவளை அச்சுப் பக்கம் மாற்றலாமா என்று யோசித்தேன். முத்து நிரப்ப வேறு ஆள் இல்லை. மற்ற மூவரில் மூத்தவள் குப்பம்மாளை வைத்துப் பார்த்தேன். வழிந்துவிட்டது. இன்னும் எழுநூறு இருக்கின்றன. இரண்டு மாதம்தான். தினமும் பால் குடிக்கச் சொன்னேன். பால் நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நந்திதா வந்திருந்தார். நானூறு டைலைத் தரையில் அடுக்கிக் காட்டினோம். வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இந்த முத்து யார் போட்டது?"

அஞ்சலாட்சியைக் காட்டினேன். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவளுக்கு வெட்கம்.

பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார், இதில் ஈயம்தானே என்று. ஆமாம் என்றேன். சுவரில்தானே இருக்கப்போகிறது, வருகிறவர்கள் யாரும் நக்கிப் பார்க்கப்போவதில்லையே என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார் போனதும் அஞ்சலாட்சி கேட்டாள்: "அந்தம்மா என்னாவோ கேட்டாங்களே சார், என்னா அது?"

"வெயில்ல நிறம் போயிடுமான்னு கேட்டாங்க."

"போவாதே?"

"போகாது."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அஞ்சலாட்சிக்கு இரண்டு நாளாக வயிற்று வலி. மசக்கை என்கிறாள் குப்பம்மாள். அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 27, புதன்

ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். முகம் வெளுத்திருக்கிறது. வாயில் எந்நேரமும் ஏதோ காசைப் போட்டு வைத்த மாதிரி ருசியாம். இன்று பதினொரு டைலில் முத்து வெளியே போய்விட்டது. "மணிக்கட்டு நிக்க மாட்டேங்குது சார்" என்று கையை உதறினாள். ஒதுக்கி வைத்தேன்.

வீட்டுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. "ஒக்காந்துகிட்டே செய்யறதுதான" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

எனக்கும் இரண்டு நாளாகத் தலைவலி. வெயில்.

படித்த காலத்தில் கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய அறிக்கை இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பீங்கான் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அரசாங்க அதிகாரிகள் எழுதியது. கிளேஸ் முக்குகிற பெண்களைப் பற்றி ஓர் அத்தியாயம். வயிற்று வலி, தொங்கிப்போகும் மணிக்கட்டு, ஈறில் நீலக் கோடு, கலைந்துபோன கருக்கள். அட்டவணை போட்டிருந்தார்கள். பரீட்சைக்கு வராது என்று அந்த அத்தியாயத்தை மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் மட்டும் படித்தேன்.

மத்தியானம் குப்பம்மாள் ஏதோ சொல்லி அஞ்சலாட்சி சிரித்தாள். ஈறைப் பார்த்தேன். நிழலாக இருக்கலாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

வேலை செய்துகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். கோதண்டத்தின் காரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அல்சரா, குடல்வாலா என்று பார்க்கிறார்களாம். கர்ப்பிணி என்பதால் எக்ஸ்ரே எடுக்கத் தயங்குகிறார்கள். சிகாமணி அறுப்பு வயலிலிருந்து அப்படியே வந்தான், கால் முழுக்கச் சேறு. "என்னா சாப்ட்டா சார்? வெளியில எதுனா வாங்கிச் சாப்ட்டாளா?" என்று திரும்பத் திரும்ப என்னிடமே கேட்டான். தெரியவில்லையே என்றேன்.

திரும்பும்போது காரில் கோதண்டம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம். டாக்டருங்க படிச்சவங்க. அவுங்க கண்டுபுடிப்பாங்க. இன்னும் இருநூறு டைல்ஸ்தான?"

பட்டறை வாசலில் இறங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 6, சனி

இன்று அறுபத்து நாலு டைல் சூளைக்குப் போனது.

செப்டம்பர் 7, ஞாயிறு

துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் இன்றைக்கு என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். கால் போனது.

சிகாமணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"போயிடுச்சு சார். விடியக்காத்தால."

முதலில் அவள்தான் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது.

"அஞ்சலாட்சி?"

"இருக்கா. பேச மாட்டேங்கறா."

டாக்டர் இளம்பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு. இரண்டு நாளாகத் தூங்கவில்லையென்று தெரிந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னேன். ஈயம். பொடியாகக் கரைத்தது. ஜூலை பதினான்கிலிருந்து. பிரஷை நாக்கில் வைப்பாள்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"நீங்க யாரு?"

"டிசைனர். கலவை நான் போட்டதுதான்."

"அது விஷம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவங்களுக்கு?"

"சொல்லலை."

"வெள்ளிக்கிழமை நீங்கதானே கொண்டுவந்து சேர்த்தது? வரவேற்புல உங்க பேர்தான் இருக்கு."

"ஆமா."

"மூணு நாள் நான் குடலுக்குள்ள என்ன இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன், சார்."

கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார், புதுச்சேரிக்குப் போன் செய்தார். ஈயத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் ஊசி அங்கேதான் இருக்கிறதாம்.

வாசல் வரை போனவன் திரும்பிக் கேட்டேன். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் குழந்தை?

பேனாவை மூடி வைத்தார். "தெரியாது. ரெண்டு மாசமா ஏறினது. ஒருவேளை அப்பவும் போயிருக்கலாம். ஒருவேளை போகாம இருந்திருக்கலாம். உங்களுக்கு வேணுங்கற பதில் என்கிட்ட இல்ல."

பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. சிகாமணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 12, வெள்ளி

தொட்டியில் மிச்சமிருந்த ஈயக் கலவையைக் காய வைத்து, டிரம்மில் போட்டு மூடினேன். வேலையை நிறுத்தச் சொன்னேன். கோதண்டம் கத்தினார். இந்த ஊரில் முப்பது வருஷமாக மரியாதையோடு இருக்கிறேன், நீ வந்து மூன்று மாதத்தில் கெடுத்துவிட்டாய் என்றார். இதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை. அதில் தவறில்லை.

மற்ற மூன்று பெண்களையும் வேனில் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ரத்தம் எடுத்தோம். வழியெல்லாம் குப்பம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். "அந்தக் கையாலயே சோறு பெசஞ்சி சாப்புட்டமே சார், அதுவும் ஏறியிருக்குமா? வூட்ல பேரப்புள்ளக்கு ஊட்டி வுட்டனே" என்றாள். சோப்புப் போட்டுக் கழுவினீங்களா என்றேன். கழுவினோம் என்றாள். பிறகு, எப்பவாச்சும் தண்ணி மட்டும் விட்டு, என்றாள்.

எனக்கும் எடுத்தார்கள்.

செப்டம்பர் 17, புதன்

ரத்தத்தில் ஈயம் பத்துக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டுமாம். குப்பம்மாளுக்கு நாற்பத்தொன்று. மற்ற இருவருக்கும் முப்பத்தைந்துக்குப் பக்கம். எனக்கு இருபத்தெட்டு. குப்பம்மாளின் பேரனுக்கும் எடுத்தார்கள், ஆறுதான்; டாக்டர் பயமில்லை என்றார். அதைக் கேட்டு அவள் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அஞ்சலாட்சிக்குத் தொண்ணூற்று நாலு.

செப்டம்பர் 20, சனி

புதுச்சேரி போனேன். வார்டு வாசலில் சிகாமணி என்னைத் தடுத்தான். சட்டையைப் பிடித்தான். அடிப்பான் என்று நினைத்தேன். நின்றேன். உள்ளேயிருந்து, "வுடு, வரட்டும்" என்று அவள் குரல் கேட்டது. விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டான்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வலது மணிக்கட்டின் கீழ் ஒரு தலையணை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அது பேரு என்னா சார்?"

"ஈயம்."

"ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே."

"அது வெள்ளீயம். இது வேற."

இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்சிதான் குடுத்தீங்களா?"

வரும்போது பஸ்ஸில் என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். மூன்று வாரம் இல்லாதது, கையுறை, தண்ணீர்க் கிண்ணம்.

"தெரிஞ்சிதான்."

"நான் முழுகாம இருக்கறன்னு சொன்னப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டினாள். அழவில்லை. கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். விரல்கள் கீழே தொங்கின.

"நான் அத இனிப்பா இருக்குன்னேன் இல்ல? அப்பக்கூட நீங்க பேரச் சொல்லல."

நான் அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆம்பளப் புள்ள. வெரலெல்லாம் இருந்துது. நர்ஸம்மா காட்ட மாட்டேன்னுச்சு, நான்தான் கேட்டு வாங்கிப் பாத்தன்."

பக்கத்துக் கட்டில்காரி தண்ணீர் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அஞ்சலாட்சி கண்ணை மூடியிருந்தாள். கிளம்பலாம் என்று நினைத்தபோது பேசினாள்.

"மொதலாளி வூட்லேர்ந்து ஆள் வந்தாங்க. எனக்கு ஏற்கெனவே சீக்கு இருந்துச்சுன்னு எழுதிக் குடுக்கணுமாம். எங்க வூட்டுக்காரரு மாட்டன்னுட்டாரு. நாளைக்கு இன்னும் நாலு பேரு வருவாங்க. நாங்க என்னா சொன்னாலும் எடுபடாது. நீங்க எழுதிக் குடுங்க."

"யாருக்கு?"

"யாருக்கு எழுதணுமோ அவுங்களுக்கு. படிச்சவரு, ஒங்களுக்குத் தெரியும். என்னா நடந்துச்சோ அத்தனையும்."

சரி என்றேன்.

"சரின்னு சொல்லாதீங்க. எழுதுங்க."

செப்டம்பர் 22, திங்கள்

எழுதினேன். தொழிற்சாலை ஆய்வாளருக்கு, நாலு பக்கம். எந்தத் தேதியில் எதை வாங்கினேன், எப்படிக் கரைத்தேன், யாருக்கு என்ன சொன்னேன், சொல்லவில்லை. சரளாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இந்த மூன்று மாதமும் அவளிடம் எதுவும் சொல்லாமல் இருந்தது அப்போதுதான் உறைத்தது. கேட்டு முடித்துவிட்டு, "ஜெயில்ல போடுவாங்களா?" என்றாள். தெரியாது என்றேன். "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அக்டோபர் 1, புதன்

பட்டறையின் கிளேஸ் பிரிவுக்குச் சீல் வைத்தார்கள். பொம்மைப் பிரிவையும் சேர்த்து மூடிவிட்டார் கோதண்டம். பதினான்கு பேருக்கு வேலை இல்லை. டீக்கடையில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

நந்திதா போன் செய்தார். கேள்விப்பட்டதிலிருந்து தூக்கமில்லை என்றார். பெட்டியில் அடுக்கியிருக்கும் தொள்ளாயிரத்துச் சொச்சம் டைலை ஹோட்டல்காரர்கள் கேட்கிறார்களாம், அவை வெந்துவிட்டவை, ஆபத்தில்லை. அவர் தர விரும்பவில்லை. உங்கள் அபிப்பிராயம் என்ன சார் என்றார். அது நான் சொல்ல வேண்டியதல்ல, அஞ்சலாட்சியைக் கேளுங்கள் என்றேன்.

கேட்டிருக்கிறார். சுவரில் வைக்கலாம், ஆனால் யார் யார் செய்தார்கள், என்ன ஆயிற்று என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றாளாம் அஞ்சலாட்சி. ஹோட்டல்காரர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. பெட்டிகள் இன்னும் கோதண்டத்தின் கிடங்கில்தான் இருக்கின்றன.

அக்டோபர் 9, வியாழன்

அறையைக் காலி செய்தேன். எடுத்துப்போக ஒன்றும் அதிகமில்லை.

அக்டோபர் 16, வியாழன்

கடலூர். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சென்னையிலிருந்து காலை முதல் பஸ். தலைவலி இன்னும் விடவில்லை.

கோதண்டம் ஒரு வக்கீலோடு வந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் பெஞ்சில் அஞ்சலாட்சியும் சிகாமணியும். அவள் வலது கையில் பட்டை கட்டியிருந்தாள். விரல்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து நின்றன.

அதிகாரி என் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். எழுத்தர் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார். "மேற்படி பொருள் உடலுக்குத் தீங்கானது என்று நான் அறிந்திருந்தும்" என்ற இடத்துக்கு வந்தபோது வக்கீல் குறுக்கிட்டார்.

"சார், அவரு கலைஞர். கெமிஸ்ட் இல்ல. பதட்டத்துல எழுதிட்டாரு. அதோட வீரியம் முழுசாத் தெரியாமன்னு ஒரு வார்த்த சேத்துக்கலாம். ரெண்டு தரப்புக்கும் நல்லது." என்னிடம் குனிந்து, "ஒங்களுக்குத்தான் சார் சொல்றேன். ஒரே ஒரு வார்த்த" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? உங்க வாக்குமூலம். நீங்க சொல்றதுதான்."

எனக்கு ஐம்பத்தொரு வயது. அந்த நிமிஷத்தில், மறைக்க வேண்டாம், அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. முழுசாகத் தெரியாமல். அது ஒருவகையில் உண்மையும்கூட. தொண்ணூற்று நாலு என்று எனக்கு முன்பே தெரியாதுதானே. சிகாமணி முன்னால் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி ஜன்னலுக்கு வெளியே ஏதோ பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று கேட்கக் காத்திருந்த மாதிரிகூடத் தெரியவில்லை.

"இருக்கறது இருக்கட்டும் சார்" என்றேன். "முழுசாத் தெரியும்."

எழுத்தர் திருப்பிக் கேட்டார்: "முழுசாத் தெரியும்னே போடவா?"

"போடுங்க."

ஐந்து இடத்தில் கையெழுத்து. ஒவ்வொரு கையெழுத்தும் ஒவ்வொரு விதமாக விழுந்தது. எழுத்தர் மை ஒற்றினார். நோட்டீஸ் வரும், கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்றார் அதிகாரி. சரி என்றேன்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அஞ்சலாட்சியும் சிகாமணியும் பின்னால் இறங்கி வந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டேன். சிகாமணி பார்க்காமல் போனான். அவள் இரண்டு படி தாண்டி நின்றாள். மன்னிப்பு என்று ஏதாவது நான் கேட்டுவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"மெட்ராஸ் பஸ்ஸு இங்க நிக்காது சார்" என்றாள். "பாலத்தத் தாண்டி அந்தாண்ட போவணும்."

சொல்லிவிட்டு, நல்ல கையால் புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சிகாமணிக்குப் பின்னால் நடந்தாள். அவர்கள் தெரு முனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டுப் பாலத்தைத் தாண்டி நடந்தேன்.